மலைப்பாதைக்கு ஒரு மாரிஸ் மைனரைத் தயார்செய்த கதை

பழைய கார் வைத்திருக்கும் 11 பேர் சேர்ந்து நான்கு நாள் மலைப்பயணம் போகலாம் என்று முடிவானபோது என் கையில் ஆறு வாரம் இருந்தது. என்னுடையது 1965ஆம் வருட மாரிஸ் மைனர் 1000 என்ற பிரிட்டிஷ் சிறு கார். 1098 சிசி எஞ்சின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்மை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்திப் பிடிப்பது). பாதையின் உச்சி ஏறக்குறைய 2,100 மீட்டர். அன்று இரவே உட்கார்ந்து வேலைப் பட்டியல் போட்டேன்: பிளக், பாயிண்ட் (பிளக்கின் தீப்பொறிக்கான மின்தொடுமுனை), வால்வு இடைவெளி, கார்புரேட்டரைக் கழுவுவது, எஞ்சின் ஆயில். எல்லாமே மேலே ஏறுவதற்கான வேலைகள். இருபது வருடமாக இப்படிப்பட்ட பயணங்களை நடத்திவரும் எங்கள் குழுவின் மூத்தவரிடம் அதைக் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க தம்பி?"

கார் என்னிடம் வந்து நான்கு வருடம் ஆகிறது. நான் மாற்றியதில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மாற்றினாரா என்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரும் இரண்டு பேரும் பெட்டிகளும் சேர்ந்து 950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 9 மெகாஜூலுக்கும் மேல், அதாவது 28 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான சூடு. இதில் எஞ்சின் பிடித்து நிறுத்துவது போக, காற்றும் டயரும் தின்பது போக, மிச்சம் அத்தனையும் நான்கு இரும்பு டிரம்களுக்குள் போய்ச் சேரும். அந்த டிரம்முக்கு அரை சாண் தூரத்தில் பிரேக் ஆயில் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற ரகத்தில் புது ஆயில் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதுவே 155க்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான், பெடல் தரையைத் தொடும். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு பிரேக்கிலிருந்து ஆரம்பித்தேன்.

முன் இடது சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் இரண்டு திருகுகளை எடுத்து, மரச்சுத்தியால் சுற்றித் தட்டி டிரம்மை உருவினேன். இந்த மாடலில் முன் டிரம் 8 அங்குலம், பின்னால் 7. முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு வீல் சிலிண்டர், ஆயிலின் அழுத்தத்தில் ஆளுக்கொரு ஷூவைத் தள்ளும். கீழ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் மெல்ல விலக்கியதும் உள்ளேயிருந்து இரண்டு சொட்டு ஆயில் வழிந்தது. கஷாய நிறம். அந்தப் பக்க லைனிங்கின் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) ஓரம் ஏற்கனவே ஈரமாகிக் கறுத்திருந்தது, தொட்டால் மெழுகு போல வழுக்கியது. ஓட்டும்போது இது ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. தினமும் போய் வரும் சமதளப் பாதையில் பிரேக் நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தது.

ஆயில் குடித்த லைனிங்கைத் தின்னரில் கழுவிப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். சூடேறும்போது உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் முன்பக்கம் நான்கு ஷூ, நான்கு சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ் எல்லாமே புதிது போட்டேன். ஷூ இடைவெளி சரிசெய்ய டிரம்மில் ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு, சக்கரம் இறுகும் வரை திருகி, பிறகு ஒரு கிளிக் பின்னால் விட வேண்டும். முன் சக்கரத்துக்கு இரண்டு திருகு, பின்னதற்கு ஒன்று. முன்னால் ஒன்றைத் திருகிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. பெடல் ஆழமாகப் போகிறது என்று சொல்லும் மைனர்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக எல்லாச் சக்கரத்துக்கும் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் வேறு கதை. பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன். வெளியே எங்கும் கசிவு இல்லை, ஆனாலும் பெடல் மெதுவாக, மிக மெதுவாக, கீழே போய்க்கொண்டே இருந்தது. உள்ளே ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மைனரில் இந்த மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட்தான், ஆனால் உருவ முடியாதபடி டார்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும். சஸ்பென்ஷன் கையை ஜாக்கியில் தாங்கி, டார்ஷன் பாரைத் தளர்த்தி நகர்த்தினால்தான் போல்ட் வெளியே வரும். பார் எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்தது என்று முன்கூட்டியே பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறினாலும் அந்தப் பக்கம் காரின் உயரம் மாறிவிடும். எனக்கு இதற்கே இரண்டு வார இறுதிகள் போயின. 1948இல் அறிமுகமான இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், அகலம் போதவில்லை என்று மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி நடுவில் 4 அங்குலம் கூட்டிப் பார்த்தவர். இறுதி வடிவம் அதுதான். அந்த அகலத்தால்தான் வளைவுகளில் இது இவ்வளவு நிதானமாக நிற்கிறது, அதற்காக அவருக்கு எப்போதும் நன்றி உண்டு. ஆனால் இந்த இரண்டு போல்ட்டையும் இன்னும் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம்.

ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, என் மகள் பெடலில் உட்கார்ந்தாள். "மிதி... பிடிச்சுக்கோ... விடு" என்று ஒரு சாயங்காலம் முழுக்க. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டத்துக்கு வர வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் முதலில் கஷாயம், அப்புறம் தேன் நிறம், கடைசியில் தெளிந்த ஆயில், குமிழி இல்லாமல். பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது.

சஸ்பென்ஷனைப் பிரித்த கையோடு டிரனியனையும் பார்த்தேன். மைனர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் இரண்டு முனைகளிலும் மரை வெட்டியிருக்கும், அது டிரனியன் எனும் கட்டைகளுக்குள் திருகிக்கொண்டு நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. கிரீஸ் போகாமல் மரை தேய்ந்தால் ஒரு நாள் கீழ் டிரனியன் கழன்று சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாகப் போய் முழுசாக ஸ்டியரிங் ஒடிக்கும்போதுதான் மடங்கும். கொண்டை ஊசி வளைவில் நாம் செய்வதும் அதுதானே. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இடது பக்கம் அசைவே இல்லை. வலது பக்கம் "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். பிரித்துப் பார்த்தால் மரையின் முகடுகள் கத்தி முனை போலக் கூர்ந்திருந்தன, நல்ல மரையில் அவை தட்டையாக இருக்கும். கட்டையும் கம்பியும் சேர்த்தே மாற்றினேன். வலதும் இடதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, எந்தப் பக்கத்துக்கு என்று பார்த்து வாங்க வேண்டும். புது கிரீஸ் எல்லா விளிம்பிலும் பிதுங்கி வரும் வரை கிரீஸ் கன்னை அழுத்தினேன். பயணத்துக்கு முந்தின நாள் இன்னொரு முறை.

இதெல்லாம் முடியவே நான்கு வாரம். மிச்சம் இருந்த இரண்டு வாரத்தில் தண்ணீர் சமாச்சாரம்.

உயரம் 300 மீட்டர் கூடக்கூடத் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். 2,100 மீட்டரில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீரை ரேடியேட்டருக்குள் விடும் தெர்மோஸ்டாட்டோ 82 டிகிரியில்தான் திறக்கிறது, ஆக நடுவில் இருப்பது வெறும் 11 டிகிரி. இதைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடிதான். 7 பிஎஸ்ஐ மூடி கொதிநிலையைச் சுமார் 11 டிகிரி மேலே தள்ளும், மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 11ம் இல்லை. என் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. மாற்றிவிட்டு, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தேன், அது இன்னும் ஏழெட்டு டிகிரி தரும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்தபோது ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் செங்கல் தூள் மாதிரி துரு கொட்டியது, அப்புறம்தான் தண்ணீர். ரேடியேட்டரைத் தலைகீழாக வைத்து ஹோஸால் கீழ் வழியாகப் பீய்ச்சி ஓடவிட்டேன், தெளிவாக வர அரை மணி நேரம் ஆனது. தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்தில் போட்டு வெப்பமானியோடு அடுப்பில் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை, செய்யாமல் விடாதீர்கள்.

பாயிண்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர், பிளக் புதிது, ஃபேன் பெல்ட் புதிது, பழையது டிக்கியில். எஞ்சின் பக்கம் அவ்வளவுதான் செய்தேன், அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

கிளம்பும் காலையில் மூத்தவர் சொன்னது மூன்றே விஷயம். இழுவை குறைந்த கார்கள் முன்னால் போக வேண்டும், பலம் உள்ளவை பின்னால். திருப்பத்தில் பின்னால் வருபவர் கண்ணில் படும் வரை யாரும் திரும்பிவிடக் கூடாது. பின்னால் வேறு வண்டிகள் சேர்ந்தால் இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி விட்டுவிட வேண்டும், அது அவர்கள் தினமும் போகிற பாதை, நாம் விருந்தாளிகள். கடைசிக் காரில் அவரே வந்தார், கயிறு, கருவிப்பெட்டி, இருபது லிட்டர் தண்ணீரோடு.

ஏற்றத்தில் எனக்கு முன்னால் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அதற்கு ரேடியேட்டரே கிடையாது, காற்றில் குளிரும் எஞ்சின், கவலையில்லாமல் ஏறியது. உச்சிக்கு வந்தால் காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு லேசு, அதனால் என் எஞ்சினின் 48 குதிரைத்திறனில் 38 மிஞ்சினால் பெரிது. செங்குத்தான கொண்டை ஊசிகளில் இரண்டாம் கியர் மூச்சு வாங்கியது, முதல் கியர்தான் வேண்டும். ஆனால் மைனரின் முதல் கியரில் பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ கிடையாது, ஓடும்போது போட்டால் பல்லோடு பல் மோதும். அதனால் கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், கியர். முதல் நான்கு வளைவில் கரகரத்தது. ஐந்தாவதில் எந்த அளவு தட்ட வேண்டும் என்று கால் கண்டுபிடித்துக்கொண்டது, குச்சி வெண்ணெயில் இறங்குவது போல கியர் விழுந்தது. அந்த நான்கு நாளில் எனக்கு மிகப் பிடித்த நொடி அது. மலையில் கியரின் அருமை பெரிய கார்களுக்கும் தெரியும். 1912 ஆல்ப்ஸ் போட்டியில் ஜேம்ஸ் ராட்லி ஓட்டிய ரோல்ஸ் ராய்ஸ், மூன்றே கியர் இருந்ததால் காட்ஷ்பெர்க் கணவாயின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. மறு வருடம் அந்தக் கம்பெனி நான்கு கியர் பெட்டியோடு திரும்பி வந்தது.

வெப்ப முள் மேலே போக ஆரம்பித்ததும் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். ஹீட்டர் என்பது இரண்டாவது குட்டி ரேடியேட்டர். உள்ளே அனல், ஜன்னலைத் திறந்தால் பைன் மர வாசனையோடு குளிர் காற்று, இரண்டும் கலந்து முகத்தில் அடித்தது. முள் இறங்கியது.

உச்சியில் நிறுத்தினோம். கீழே மேகம், அதற்கு மேலே வரிசை வரிசையாக முகடுகள். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் எஞ்சினை உடனே அணைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். பதினைந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. காதைக் கொடுத்தேன். மைனரில் எஸ்.யு. கம்பெனியின் மின் பெட்ரோல் பம்ப் பானெட்டுக்குள், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் இருக்கிறது. சாவி போட்டதும் நாலைந்து "டிக் டிக்", அப்புறம் அமைதி என்றால் பெட்ரோல் நிறைந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு அது நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, ஆவியைத்தான் இழுக்கிறது. டேங்க் பின்னால், பம்ப் முன்னால், நடுவே நீளமான உறிஞ்சு குழாய். எஞ்சின் நின்றதும் ஃபேன் காற்றும் நின்று, சூடெல்லாம் மேலே வந்து பெட்ரோலைக் குழாயிலேயே கொதிக்கவைத்துவிட்டது. பானெட்டைத் திறந்து வைத்து, ஈரத் துணியைப் பம்பிலும் குழாயிலும் கார்புரேட்டரின் மிதவை அறையிலும் சுற்றினேன். பத்து நிமிடத்தில் டிக்டிக் மெதுவாகி, நின்றது. ஒரே திருப்பில் கிளம்பியது. அதற்குப் பிறகு ஏறி நின்றதும் இரண்டு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அணைத்த கையோடு பானெட்டைத் திறந்துவிடுவேன். அன்று இரவு தங்கிய இடத்தில் ஒரு அலுமினியத் தகட்டை வளைத்து கார்புரேட்டருக்கும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கும் நடுவே தடுப்பாகச் சொருகினேன். மறுபடி அந்தத் தொல்லை வரவில்லை.

அதே இரவில் பிளக்கைக் கழற்றினால் நான்கிலும் கரி. காற்று லேசானதால் கலவையில் பெட்ரோல் அதிகம். எஸ்.யு. கார்புரேட்டரின் அடியில் ஆறுபக்க நட்டு ஒன்று இருக்கிறது, அதை ஒரு பக்கம் அளவு மேலே திருகினேன். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஊசியால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தால் எஞ்சின் வேகம் ஒரு கணம் ஏறி உடனே பழைய நிலைக்கு வர வேண்டும், வந்தது. திருகும் முன் நட்டில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டேன். கீழே வந்ததும் பழைய இடத்துக்குத் திருப்பாவிட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும்.

மூன்றாம் நாள் இறக்கம். 19 கிலோமீட்டரில் 1,100 மீட்டர். ஏறினால் எந்தக் கியர் தேவைப்படுமோ அதிலேயே இறங்கு என்பதுதான் விதி, நான் இரண்டாம் கியரை விடவே இல்லை. வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தமாக ஒரு பிடி, பிறகு முழுக்க விட்டுவிடுவது. லேசாகக் கால் வைத்தபடியே போனால் டிரம்முக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. சூடான டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும், அதனால் பாதி வழியில் பெடல் ஒரு விரல் கூடுதலாகப் போனது. ஆனால் கடினமாகவே இருந்தது. அந்த வித்தியாசத்தைக் கால் உணர வேண்டும்: ஆழமாகப் போனால் டிரம் சூடு, பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயில் கொதிக்கிறது.

பஞ்சு எங்கள் குழுவில் இன்னொருவருக்கு வந்தது. கனமான பெரிய சலூன், மூன்று கியர் ஆட்டோமேட்டிக், எஞ்சின் பிடிப்பு குறைவு. முன் சக்கரங்களிலிருந்து புகை, கருகிய வாசனை. நல்ல வேளையாக அகலமான ஒதுக்குப்புறம் இருந்தது, கியரைக் கடைசிக்கு இறக்கி ஹேண்ட் பிரேக்கோடு நிறுத்திவிட்டார். யாரோ தண்ணீர் ஊற்றப் போனார்கள், மூத்தவர் கையைப் பிடித்துத் தடுத்தார். கொதிக்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, 45 நிமிடம் காத்திருந்தோம். பிறகு நானும் அவரும் படுத்து முன்பக்கம் இரண்டிலும் ஏர் எடுத்தோம். வந்த ஆயில் கறுப்பு. என் பழைய ஆயிலைவிட மோசமில்லை. மகள் பிடித்திருந்த அந்தப் பாட்டில் கண் முன்னால் வந்துபோனது. கிளம்பும்போது அந்தக் கற்களைச் சாலையிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டோம், பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அது எமன்.

கடைசி நாள் மூடுபனி. முகப்பு விளக்கு, வைப்பர், ஹீட்டர் விசிறி மூன்றும் ஓட, வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. டேஷ்போர்டில் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிய ஆரம்பித்தது. இதில் இருப்பது டைனமோ, முழு வேகத்தில் 22 ஆம்பியர்தான் தரும், மெதுவாகச் சுற்றினால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. விசிறியை அணைத்து ஒரு கியர் குறைத்துச் சுற்றை ஏற்றியதும் விளக்கு அணைந்தது.

வீடு வந்த மறுநாள் கார்புரேட்டர் நட்டை வெள்ளைப் புள்ளிக்குத் திருப்பினேன், டிரனியன்களுக்கு கிரீஸ் அடித்தேன், நான்கு டிரம்மையும் கழற்றினேன். முன் லைனிங் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன, சிலிண்டர்கள் காய்ந்தே இருந்தன. வலது பின் டிரம்முக்குள் மட்டும் லேசான எண்ணெய்ப் பிசுக்கு. பிரேக் ஆயில் இல்லை, மோந்து பார்த்தால் கியர் ஆயில், ஆக்சில் சீல் கசிகிறது. காலடித் தரையில் மாஸ்டர் சிலிண்டரின் மூடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, ஆயில் மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதிவைத்தேன். சீல் சனிக்கிழமை வந்துவிடும், அன்றைக்கே பின் ஆக்சிலைப் பிரிக்கப் போகிறேன்.